நமக்குள் வெட்டக் கூடாது

என் தம்பிகள் இருவரும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அப்பாவின் மூச்சுக்கருவியை எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவன் பெரியவன். சின்னவன் அப்போது ரயிலில் இருந்தான், வந்து சேர இன்னும் ஆறு மணி நேரம். இனி ஒவ்வொரு நிமிஷமும் வலிதான் என்று டாக்டர் சொன்னதைப் பெரியவன் கேட்டான். சின்னவன் கேட்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் இரண்டு பேரும்.

ஆனால் ஞாயிறு மதியம் பேசுவார்கள். என் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணாடி தேய்க்கும் மேஜையைச் சுற்றி நாலு பேரும் கதையாட்டம் ஆடுவோம். கதையை நடத்துவது நான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். இழுபறி என்றால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். லிஃப்ட் மெக்கானிக்கான பெரியவன் அங்கே வாள்காரன். பள்ளி வேன் ஓட்டும் சின்னவன் வைத்தியன். வாசலில் முகம் பார்க்காதவர்கள் உள்ளே வந்ததும், "வைத்தியரே, தோள்ல அம்பு பாய்ஞ்சிருச்சு", "உக்காருங்க வாள்காரரே, சட்டையைக் கழட்டுங்க" என்று உருகுவார்கள். அதைக் கேட்கத்தான் நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

அந்த ஆட்டத்தில் நான் போட்ட விதி ஒன்றே ஒன்று. அரக்கனை வெட்டு, திருடனை வெட்டு, கூட வருகிறவன் மேல் கை வைக்காதே. என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது. "வெட்டவே முடியாதுன்னா, வெட்டாம இருக்கிறதுல என்ன பெருமை? சின்னப் பிள்ளைங்க சொப்பு வச்சு விளையாடுற மாதிரி இருக்கு" என்பார். அவர் சொல்லி நான் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. ஒரு ஞாயிறு கேட்டேன், விதியை எடுத்துவிட்டேன்.

காரணம் வேறு. குகைக்குள் வயதான சுமைகாரர் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார், பின்னால் எதிரிகள் வருகிறார்கள் என்று ஒரு காட்சி எழுதி வைத்திருந்தேன். தற்செயலாக எழுதினேன் என்றால் நானே நம்ப மாட்டேன். மனசுக்குள் புழுங்குவதை இங்கேயாவது கொட்டித் தீர்க்கட்டும் என்று நினைத்தேன். சொந்தச் செலவில் சூனியம்.

"இவரு பொழைக்க மாட்டாரு," என்றான் பெரியவன். "வலியில விட்டுட்டுப் போகக் கூடாது. நான் முடிச்சிடுறேன்."

"கொஞ்சம் பொறுங்க. மருந்து காய்ச்சிட்டு இருக்கேன்."

"பொறுக்க நேரமில்ல, வைத்தியரே."

"பொறுன்னு சொல்றேன்ல!"

மரியாதை போய்விட்டது. வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டு, "போதும், நிறுத்தும்மா" என்றார். நிறுத்தியிருக்கலாம். கத்துவார்கள், பிறகு அழுவார்கள், பிறகு கட்டிக்கொள்வார்கள் என்று முட்டாள்தனமாகக் காத்திருந்தேன். பெரியவன் வாளை உருவுவதாகச் சொன்னான். சின்னவன் யாரையும் பார்க்காமல், "பின்னால போய் வாள்காரர் முதுகுல கத்தியை இறக்குறேன்" என்று பகடையை உருட்டினான். இருபது விழுந்தது. அதற்கு மேல் எண் இல்லை, வாள்காரன் செத்தான்.

பெரியவன் தன் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

மறு ஞாயிறு வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். கையில் புதுத் தாள், புதுப் பாத்திரம், ஓர் ஓடக்காரன். செத்தவனுக்குத் தெரிந்தது எதுவும் புதிதாக வருகிறவனுக்குத் தெரியக் கூடாது. கதையாட்டம் ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு அது.

ஆற்றங்கரையில் அவர்களைச் சந்திக்க வைத்தேன். சின்னவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். வாரம் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான் என்று கேட்டதுமே தெரிந்தது.

"ஓடக்காரரே, எங்களோட ஒரு வாள்காரர் இருந்தாரு. என்னை எத்தனையோ தடவை காப்பாத்தினவரு. அவரை நான் கொன்னுட்டேன். அவரு செய்யப் போனது தப்புன்னு நினைச்சேன். இப்ப அப்படித் தோணல. என்னை மன்னிச்சிடுங்க."

மூன்று வருடமாக நான் ஏங்கிய வார்த்தை. சொல்லுடா, ஒரு வார்த்தை சொல்லுடா என்று பெரியவனைப் பார்த்தேன். அவன் தாளிலிருந்து தலை தூக்கவில்லை.

"எங்கிட்ட ஏங்க மன்னிப்பு கேக்குறீங்க?" என்றான் பணிவாக. "உங்களை இன்னைக்குத்தான் பாக்குறேன். அக்கரைக்குன்னா ஏறுங்க."

"அக்கா," என்றான் சின்னவன். "நீயாவது அண்ணன்கிட்ட சொல்லேன்."

ஓடக்காரன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதட்டினால் பெரியவன் எழுந்துவிடுவான், இந்த மேஜையும் போய்விடும். பயந்துவிட்டேன்.

"ஏறியாச்சு," என்றேன். "ஓடம் கிளம்புது."