உதடு தெரிகிற டிவிடி

ஜோசப்புக்குக் காது கேட்காது. எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். இளைய மகள் ஹெப்சியின் கல்யாணத்தன்று அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால், அவள் கேமராவைப் பார்த்து அப்பாவுக்காகச் சில வார்த்தை பேசியிருந்தாள்.

மணவூர் வீட்டில் டிவிடி பிளேயர்தான் இருந்தது. திருத்தணி ஸ்டுடியோ கொடுத்த டிவிடியைப் போட்டால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. ஹெப்சி பேசியதை மூத்தவள் ஜெபகுமாரி சொல்லிக் காட்டினாள்.

"அவ சொல்றத நான் பாக்கணும்மா," என்றார் ஜோசப்.

மறுநாளே ஜெபகுமாரி ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"கல்யாணம் முழுக்க ஒரே டிவிடில அமுக்குனா இப்டித்தாங்க வரும்," என்றார் ஸ்டுடியோக்காரர் தணிகைவேல்.

"கேமராவுல எடுத்த ஒரிஜினல் இருக்குதா?"

"ஆங், இருக்குது. அதுலேர்ந்து பிரிச்சிப் போட்டா நாலு டிவிடி ஆவும். இப்ப கோயில்ல மொட்ட போட்ட கொழந்தைங்க போட்டோ குமிஞ்சி கெடக்குது. அடுத்த வாரம் வாங்க."

"எங்கப்பாவுக்கு அந்த ஒதடு தெரியணுங்க. நான் இங்கியே ஒக்காந்துகினு இருக்கேன்."

சாயங்காலம் தணிகைவேல் ஹெப்சி பேசுகிற புது டிவிடியைப் போட்டுக் காட்டினார். ஜெபகுமாரி சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, தங்கையின் உதட்டை மட்டும் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்த பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் ஜோசப் டிவிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சீக்கிரம் எழுந்து வாங்கப்பா என்று ஹெப்சி சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

"எழுந்துட்டேன்மா," என்றார் திரையைப் பார்த்து.