சுவரைச் சுட்டவள்

மறுபடியும் சுவரைத்தான் சுட்டாள் கலைச்செல்வி.

திரையில் அந்த மஞ்சள் சுவரிலிருந்து காரை பெயர்ந்து கொட்டியது. அங்கே ஈ, எறும்புகூட இல்லை. துப்பாக்கியில் குண்டு தீர்ந்து, அடுத்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவள் தேடுவதற்குள், எதிராளி அதே சுவரோரமாக வந்து நின்று, அவளைச் சாவகாசமாகச் சுட்டுவிட்டுப் போனான்.

"சேச்சி, அந்தச் சுவரு உங்களுக்கு என்ன தெற்று, என்ன தப்பு பண்ணிச்சு? காலையிலேருந்து அதையே போட்டு அடிக்கிறீங்களே!" என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த அஜின்.

"இந்நேரம் அது செத்திருக்கும். விட்டுடுங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது.

கலைச்செல்வியும் கூடவே சிரித்துவைத்தாள். சிரிக்காவிட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது.

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடையின் மாடியில் இருந்தது ஷைலஜாவின் கேம் சென்டர். கீழே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் ஹாரன் சத்தமும். மேலே ஏசி குளிர், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், காதில் ஹெட்போனோடு இளவட்டங்கள். கொச்சியில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு ஐந்து பேர் பெயரை அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அஜினையும் சேர்த்து நான்கு பேர் தயார். ஐந்தாவது ஆளான மஹேஷுக்கு அம்மை போட்டுவிட்டது. அந்தக் காலி நாற்காலிக்குத்தான் கலைச்செல்வியை அழைத்து வந்திருந்தான் அணியின் கேப்டன் வெங்கிடேஷ்.

வெங்கிடேஷ் வலியசாலை அக்ரகாரத்துப் பையன், டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவன். அவன் அவளைக் கண்டுபிடித்தது ஒரு வேடிக்கை. சாலைக் கடைத்தெருவில் அவள் வேலை செய்யும் செல்போன் கடைக்கு, உடைந்த கண்ணாடியை மாற்ற வந்தான். அவன் போனில் 'பனிக்காடு' என்ற விளையாட்டின் சின்னம் இன்னும் இருந்தது. அந்தத் துப்பாக்கி விளையாட்டை அதன் கம்பெனி ஏப்ரல் மாதமே மூடிவிட்டது. தொட்டால் திறக்காது.

"இத இன்னும் அழிக்கலையா சார்? நானும் அழிக்கல" என்றாள் கலைச்செல்வி.

"நீங்களும் ஆடுவேளா? என்ன பேர்ல?"

"மூடல்மஞ்சு."

மலையை மூடுகிற மூடுபனிக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். வெங்கிடேஷ் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பனிக்காட்டில் அந்தப் பெயரைக் கண்டால் வேறு பாதையில் ஓடிய ஆயிரம் பேரில் அவனும் ஒருவன்.

கலைச்செல்விக்கு ஊர் பொன்முடி. தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். விளையாட்டை மூடிய மறுமாதம்தான் வேலைக்காக மலையிறங்கினாள். "நல்லதாப் போச்சு, இனிமேலாவது கண்ணு மிஞ்சும்" என்றாள் அம்மா செல்வமணி. மகளுக்கு அப்படி இல்லை. இங்கே கடையில் அவள் "ஏ பொண்ணே, அந்தக் கவரை எடு" என்று யாரும் கூப்பிடக்கூடிய ஒருத்தி. அங்கே மூடல்மஞ்சு. அந்த மூடல்மஞ்சு கம்பெனிக்காரன் விளக்கை அணைத்ததோடு போய்விட்டாளா, இல்லை எங்கேயாவது மிச்சம் இருக்கிறாளா? இந்த நாற்காலி கிடைத்தால்தான் அது தெரியும்.

கிடைக்காது போலத்தான் இருந்தது. ஒரு வாரமாக, கடை முடிந்ததும் வந்து பழகுகிறாள். மௌஸ் பழகிவிட்டது. பொத்தான்கள் பாதி பழகிவிட்டன. ஆனால் சுட்டால் சுவர், கதவு, வெறும் மூலை.

அஜின் எழுந்து வெங்கிடேஷிடம் போனான். குரலைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்தினாலும் எல்லாருக்கும் கேட்கும்.

"வெங்கி அண்ணா, சேச்சி நல்ல ஆளுதான். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல, கேட்டோ. ஆனா என் கூடப் படிக்கிற ஹரிநாராயணன் கீழே நிக்கிறான். இந்த கேமைக் கரைச்சுக் குடிச்சவன். பனிக்காடு வேற, இது வேற அல்லே? சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவனைக் கொண்டுவந்து படகு வலிக்கச் சொன்னா எப்படி?"

கலைச்செல்வியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான் வெங்கிடேஷ்.

"ஒரு நிமிஷம் எழுந்துக்கோங்கோ கலை. காலம்பற ஆடினதெல்லாம் மெஷின்ல பதிவாயிருக்கு. எங்க தப்பு பண்றேள்னு பார்த்துடுவோம்."

பதிவை ஓட்டினான். இந்தப் பதிவில் ஒரு வசதி உண்டு. வானத்திலிருந்து பார்ப்பது போல முழு மைதானமும் தெரியும். ஆட்கள் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். நீலப் புள்ளி கலைச்செல்வி. அது மஞ்சள் சுவரைச் சுட்டது. சுவரோரம் யாருமில்லை. ஒரு மூச்சு விடும் நேரம். சிவப்புப் புள்ளி ஒன்று ஓடிவந்து, குண்டு பட்ட அதே இடத்தில் நின்றது.

வெங்கிடேஷ் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தான். பிறகு அடுத்த சுவர். அங்கேயும் அப்படித்தான். அதற்கடுத்து ஒரு மூடிய கதவு. கதவில் குண்டு பாய்ந்து முடிந்த பிறகு கதவு திறந்து ஒருவன் வந்தான். கிணற்று மேடை, மாடிப்படி, உடைந்த லாரி. அவள் சுட்ட ஒவ்வொரு வெற்றிடத்திலும் ஒரு மூச்சு கழித்து ஆள் வந்து நின்றான்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அஜின் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டான்.

"அவன் அங்க வருவான்னு நோக்கு எப்படித் தெரியும்?" வெங்கிடேஷுக்கு 'நீங்கள்' மறந்து, வீட்டுத் தமிழ் வெளியே வந்துவிட்டது.

கலைச்செல்விக்குக் கேள்வியே புரியவில்லை. "வருவான்னு இல்ல சார். படத்துல இங்க ஓடுறான். அப்போ நெசத்துல அவன் அங்கதானே இருப்பான்? அங்க சுட்டேன். எல்லாரும் அப்படித்தானே சுடுவாங்க?"

"சேச்சி" என்றான் அஜின் மெதுவாக. "எங்களுக்கெல்லாம் படத்துல எங்க இருக்கானோ, அங்கதான் இருப்பான்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறானா? இல்லை.

லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு பாறை. பொன்முடியில் அவளுக்கு சிக்னல் கிடைத்த ஒரே இடம் அதுதான். அதுவும் நொண்டி நொண்டி வரும் சிக்னல். ஆள் நகர்ந்து போன பிறகுதான் அவன் நின்ற படம் போனுக்கு வந்து சேரும். படத்தில் இருக்கும் ஆளைச் சுட்டால் ஒருநாளும் படாது. போயிருக்கும் இடத்தைச் சுட வேண்டும். அவன் பயந்தவனா, அவசரக்காரனா, பின்னால் கூட்டாளி உண்டா, எல்லாவற்றையும் கண்மூடித் திறப்பதற்குள் யோசித்து, அவன் இப்போது நிற்கும் இடத்துக்குக் குண்டை அனுப்ப வேண்டும். அவள் அதைத்தான் விளையாட்டு என்று நினைத்திருந்தாள். உலகம் முழுக்க எல்லாரும் அப்படித்தான் ஆடுகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"அடப்பாவி" என்றான் வெங்கிடேஷ். "எங்களுக்கெல்லாம் ஆளைப் பார்த்துச் சுடற விளையாட்டு. நீ அத்தனை நாளும் கண்ணைக் கட்டிண்டுன்னா ஆடியிருக்கே! அப்படி ஆடித்தான் எங்களை ஓட விட்டியா?"

காரணம் தெரிந்ததே தவிர, காரியம் ஆகவில்லை. இரண்டு ஆட்டம் முயன்றாள். படத்தில் இருக்கும் ஆளையே சுடு என்று கையிடம் சொன்னாள். கை கேட்கவில்லை. முந்திக்கொண்டு போய் வெற்றிடத்தைச் சுட்டது. மணி ஐந்தாகிவிட்டது. ஹரிநாராயணன் மேலே வந்து, சுவரில் சாய்ந்து நின்று, மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கலைச்செல்வி மௌஸிலிருந்து கையை எடுத்தாள். கையை மாற்ற முடியாது. அப்படியானால்?

"அஜின், இந்த கேம்ல குண்டு மெதுவாப் போற துப்பாக்கி ஏதாவது உண்டா?"

அஜினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணு இருக்கு. யாரும் எடுக்க மாட்டாங்க. நாங்க அதுக்கு அம்மாவன்னு பேரு வெச்சிருக்கோம். கல்யாண வீட்டுக்கு வர்ற தாய்மாமன் மாதிரி. குண்டு புறப்பட்டு, வெத்திலை போட்டு, வழியில எல்லார்கிட்டயும் சௌக்கியம் விசாரிச்சிட்டுத்தான் போய்ச் சேரும். அதுக்குள்ள எதிராளி வேற கேமே ஆடிட்டு வந்துடலாம்."

"அதக் குடு."

சுட்டுப் பார்த்தாள். குழாயிலிருந்து கிளம்பிய குண்டு வளைந்து, மிதந்து, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து வெடித்தது. அதே ஒரு மூச்சு. கலைச்செல்விக்குத் தண்ணீர்த் தொட்டிப் பாறை மேல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அவள் திரும்பி ஹரிநாராயணனைப் பார்த்தாள். "தம்பி, நம்ம ரெண்டு பேரும் ஆடலாமா? மூணு சுத்து ஜெயிச்சவங்களுக்கு இந்த நாற்காலி."

"சேச்சி, அம்மாவனை வெச்சுட்டா?" என்றான் அவன்.

"அம்மாவன வெச்சுத்தான்."

ஷைலஜா கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். அடுத்த வரிசைப் பையன்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டார்கள்.

முதல் சுற்று ஹரிநாராயணனுக்கு. அவன் வேகம் அப்படி. கலைச்செல்வி குழாயை உயர்த்துவதற்குள் முடித்துவிட்டான்.

இரண்டாவது சுற்றில் அவன் கிணற்று மேடையைச் சுற்றி ஓடினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. காலியாகக் கிடந்த வாசற்படியைப் பார்த்து ஒரு குண்டை விட்டாள். அது மிதந்து போயிற்று. அவன் பாய்ந்து வாசற்படியில் கால் வைக்கவும் குண்டு இறங்கவும் சரியாக இருந்தது. யாரோ "எந்தம்மோ!" என்று கத்தினார்கள். மூன்றாவதில் மாடிச் சன்னல். அவன் குனிந்து, எழுந்து, இடம் மாறி எட்டிப் பார்த்தான். எட்டிப் பார்த்த சன்னலுக்குக் குண்டு அவனுக்கு முன்பே கிளம்பியிருந்தது.

ஹரிநாராயணன் புத்திசாலி. நான்காவது சுற்றில் அவன் ஓடவே இல்லை. ஒரு தூணுக்குப் பின்னால் சிலை போல நின்றான். நகராத ஆளுக்கு எந்த இடத்தை முன்கூட்டிச் சுடுவது? அவள் குண்டுகள் இரண்டு பக்கமும் வீணாக வெடித்தன. அவள் எட்டிப் பார்த்ததும் சுட்டு முடித்தான்.

இரண்டுக்கு இரண்டு. வெங்கிடேஷ் நகத்தைக் கடித்தான். போன் அவன் கையில் இருந்தது. பெயர் எழுதும் கடைசிக் கட்டம் மட்டும் காலி.

ஐந்தாவது சுற்று. மறுபடி தூண், மறுபடி சிலை.

கலைச்செல்வி கையை அசைக்கவில்லை. பனிக்காட்டிலும் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். நிற்கிற ஆளுக்கு மனசு நிற்காது. அது ஓடிக்கொண்டே இருக்கும், எந்த வழியாகத் தப்புவது என்று. இந்தத் தூணுக்கு இடது பக்கம் வாசல். அங்கேதான் அவள் நிற்கிறாள். வலது பக்கம் திறந்த முற்றம். பின்னால் கீழே இறங்கும் இருட்டான மாடிப்படி; அதன் கடைசிப் படி மட்டும் வெட்டவெளியில்.

அவள் குழாயை மாடிப்படியின் கடைசிப் படிக்கு நேராக, கூரைக்கு மேலே உயரமாகத் தூக்கி ஒரு குண்டை விட்டாள். ஹரிநாராயணன் அசையவில்லை. அசைய அவனுக்குக் காரணமே இல்லை. அந்தக் குண்டு மேலே மிதந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது குண்டைத் தூணுக்கு இடப்பக்கத்தில் கிட்டத்திலேயே போட்டாள். அது வெடித்தது. அவன் துள்ளினான். முற்றத்தைப் பார்த்தான், வேண்டாம் என்று நினைத்தான், திரும்பினான், மாடிப்படியில் தடதடவென இறங்கினான்.

கடைசிப் படியில் முதல் குண்டு அவனுக்காக வந்து இறங்கியது.

அறையே ஆரவாரத்தில் வெடித்தது. ஷைலஜா கையை உதறிக்கொண்டு, "எனக்கு மயிர்க்கூச்செறியுது, இங்க பாருங்க" என்று எல்லாரிடமும் காட்டினாள்.

ஹரிநாராயணன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். தோற்ற முகமாகவே இல்லை அது.

"சேச்சி, நான் படி இறங்கணும்னு நினைக்கிறதுக்கு முன்னாடியே குண்டு கிளம்பிடுச்சு. எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படி?"

கலைச்செல்வி தன் கைகளைப் பார்த்தாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. யாரோ விளக்கணைத்து மூடிய காட்டிலிருந்து ஒருத்தி, சொல்லாமல் கொள்ளாமல், மலையிறங்கி அவள் கூடவே பஸ்ஸில் வந்திருக்கிறாள். இத்தனை நாள் சுவர்களில் தட்டிக்கொண்டிருந்தது அவள்தான்.

"பேர் என்னன்னு போடட்டும்?" என்றான் வெங்கிடேஷ், கட்டை விரல் போனின் மேல் தயாராக.

"மூடல்மஞ்சு" என்றாள்.

ஆறு மணிக்குள் பெயர் போய்விட்டது. எல்லாருமாகச் சாயா குடிக்கக் கீழே இறங்கினார்கள். பஸ்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு திரும்பும் நேரம். சாலையைக் கடக்க நின்றார்கள். "கொச்சியில நாம அம்மாவனுக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்" என்று சொல்லிக்கொண்டே அஜின் காலை எடுத்து வைத்தான்.

கலைச்செல்வி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

நின்றிருந்த பஸ்ஸின் மறைவிலிருந்து ஒரு பைக் சீறிக்கொண்டு வந்து, அவன் கால் வைக்க இருந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று.

அஜின் போன பைக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் இருந்தது... எப்படிப் பார்த்தீங்க?"

"பார்க்கல" என்றாள் கலைச்செல்வி, அவனைவிட அதிகம் திகைத்துப்போய். "ஆனா அங்கதானே வந்திருக்கும்?"