தொழுவத்து வாசலில் தண்ணீர்

மரக்காணம் உப்பளத்துப் பெண்கள் மதியத்தில் இளைப்பாறட்டும் என்று, மலர்கொடி தன் பாட்டனார் கட்டிய மாட்டுத் தொழுவத்தைச் சுண்ணாம்பு பூசி, புதுத் தரை போட்டுப் புதுப்பித்தாள். முதல் நாள் வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"உள்ள வாங்க, லூர்துமேரிக்கா. உங்களுக்குத்தானே இது!"

"காலெல்லாம் உப்பும்மா. புதுத் தரைய அரிச்சிடும். நாங்க மரத்தடியிலயே இருந்துக்கறோம்."

ஆசையாய்ச் செய்தது வீணாகிவிடுமோ என்று மலர்கொடிக்குக் கவலை வந்தது. மாடுகள் தண்ணீர் குடித்த பழைய கல்தொட்டி வாசலோரம் சும்மா கிடந்தது. அதைக் கழுவி நிரப்பினாள். ஒரு செம்பு மொண்டு லூர்துமேரியின் கால்களில் ஊற்றினாள்.

"ஐயோ! ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு கோயில்ல ஃபாதருதான் கால் கழுவுவாரு. நீ எப்போ ஃபாதரான?"

"உங்க சாமி தன் சீடருங்களுக்குச் செஞ்சத நான் செய்யக் கூடாதாக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் உள்ளே குறட்டை கேட்டது. மலர்கொடி தொட்டியை மறுபடி நிரப்பினாள்.