அவள் வந்து நிற்கும் ஸ்வரம்

அதே மெட்டு மறுபடி கிளம்புகிறது, தலையணையில் சாய்ந்தபடி தெபோராள் வாயைத் திறக்காமலே முனகுகிறாள், ஏறி, தயங்கி, இறங்கி, ஒரு ஸ்வரத்தில் வந்து நின்று கணவர் ஞானதுரையைப் பார்க்கிறாள், பக்கவாதம் அவள் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய் இந்த முனகலை மட்டும் விட்டுவைத்திருக்கிறது, பாட்டு வழியாகப் பேச்சு திரும்பினாலும் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவர் மடியில் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார், பாளையங்கோட்டைக் கோயிலில் ஞாயிறுதோறும் அவள் பாட அவர் வாசித்த கிட்டார், அவருக்குத் தெரிந்தது நாலைந்து கார்டுகள், பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே மீட்டலில் ஒலிக்கும் கூட்டுகள், அவள் பாடியதோ ராகத்தில் அமைந்த கீர்த்தனைகள், ஒருமுறை ஆராதனை முடிந்து வெளியே வருகையில், நீங்க கார்டு போட்டா பாட்டு அடுத்தவன் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்க மாதிரி இருக்கு என்று சிரித்தாள், வெள்ளைச் சேலை, வெயில், அந்தச் சிரிப்பு நடந்ததா, இப்போது நடக்கிறதா, முனகலுக்குள்ளிருந்து கேட்பது போலவே இருக்கிறது, இந்த மெட்டு எந்தப் பாட்டு என்று அவருக்குப் பிடிபடவில்லை, அவள் தங்கைக்கும் தெரியவில்லை, சி மேஜர் போடுகிறார், வேண்டாம் என்று தலையசைக்கிறாள், ஏ மைனர், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவள் வந்து நிற்கும் ஸ்வரத்தைத் தனியாக மீட்டிப் பார்க்கிறார், டி, ஸ்வரங்கள் எல்லாம் சி மேஜருடையவைதான், ஆனால் பாட்டின் வீடு டியில் இருக்கிறது, இத்தனை நாள் வேறு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார், டி மைனர் வைத்ததும் மெட்டு உட்கார்கிறது, அதோடு வழக்கமாக வரும் ஜி மைனர் உரசுகிறது, ஜி மேஜராக மாற்றுகிறார், கரகரப்ரியா ராகத்தின் சாயல் அறையெங்கும் பரவுகிறது, தெபோராள் நிமிர்கிறாள், குரல் கனக்கிறது, அவர் கிட்டாரோடு அதன் பின்னாலேயே போகிறார், கோயில் ஜன்னல் வெளிச்சம் அவள் தோளில் விழுகிறது, இல்லை, இது மருந்து நெடியடிக்கும் படுக்கையறைதான், சட்டென்று அவள் இடது கை நீண்டு தந்திகளை அமுக்குகிறது.

ஏட்டி, என்ன வேணும், தண்ணியா, நம்ம மவனுக்குப் போன் போடணுமா, எங்கயாவது வலிக்கா.

அவள் உதடுகள் எதற்கோ குவிகின்றன, ம, ம, அதற்குமேல் வரவில்லை, கண்கள் நிறைந்து வழிகின்றன, அவர் துடைக்கிறார், கார்டு சரி என்பது தெரிகிறது, அவள் சொல்வது என்ன என்பது தெரியவில்லை, ஏதாவது சொல்லுட்டி என்கிறார், கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றுகிறது, அவள் தந்தியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு மெட்டை முதலிலிருந்து தொடங்குகிறாள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் டி மைனரைப் பிடிக்கிறார்.