பேலட் சோபா

அந்த வீட்டில் யாரும் யாரையும் எழுப்புவதில்லை.

யாரும் போட்ட சட்டம் இல்லை. நான்கு மாதத்தில் தானாக வந்து சேர்ந்த வழக்கம். மாரிராஜுக்கு இரண்டாவது ஷிப்ட். மதியம் ஒரு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு பதினொன்றரைக்குத்தான் வருவான். அவன் மனைவி இசக்கிசெல்விக்கு முன்பு மாறி மாறி வந்த ஷிப்ட், இந்த நான்கு மாதமாக நைட் மட்டும்தான். எட்டரைக்குக் கிளம்பி மறுநாள் காலை ஏழேகாலுக்குத் திரும்புவாள். அவள் வரும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். பத்து மணிக்கு அவன் எழும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். வேலை செய்து களைத்து வந்தவரின் தூக்கத்தைக் கெடுப்பது பாவம் என்று இருவருமே நினைத்தார்கள். கம்பெனியில் இரைச்சலுக்காகக் கொடுக்கும் இயர் பிளக்கை வீட்டிலும் மாட்டிக்கொண்டு தூங்கப் பழகியிருந்தார்கள்.

கல்யாணமாகிப் பதினொரு மாதம். மாரிராஜ் சங்கரன்கோவில் பக்கம், செல்வி நாங்குநேரி பக்கம். சென்னைப் பக்கம் வேலைக்கு வந்த ஒரகடத்தில் ஒரே பஸ் நிறுத்தத்தில் நின்று, பார்த்து, பேசி, வீட்டில் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டவர்கள். அப்போது தினமும் இருபது நிமிடம் பார்த்துக்கொண்டார்கள். ஒரே அறையில் குடியிருக்கும் இப்போது அதுவும் இல்லை.

வடக்குப்பட்டில் சூசையம்மாள் வீட்டு மொட்டை மாடியில் ஒற்றை அறை. மேலே தகரக் கூரை. உள்ளே ஒருவர் படுத்திருந்தால் இன்னொருவருக்கு உட்கார இடமில்லை. காலையில் செல்வி வந்ததும் சத்தமில்லாமல் குளித்து, வெளியே தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்து முடியைக் காயவைத்துக்கொள்வாள். அதன் பிறகு உள்ளே போய் அவன் பக்கத்தில் படுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிராஜ் அவள் வாளியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டான்.

"ஏட்டி, என்ன இது? வாளி உடைஞ்சா கீழ விழுவ."

"பின்ன எங்க உக்கார? உங்க நெஞ்சு மேலயா?"

அன்றே அவன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். யாரோ ஒருவர் பழைய பேலட் கட்டைகளைப் பிரித்து வீட்டு வாசலில் போட அழகான சோபா செய்துகொண்டிருந்தார். கம்பெனிகளுக்குச் சரக்கு வரும்போது அடியில் வைத்து அனுப்புகிற மரப்பலகைத் தட்டுதான் பேலட். இந்தப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் மலைபோல் அடுக்கியிருக்கும்.

"நாமளே செய்வோம். ரெண்டு பேரும் உக்காரலாம்," என்றான்.

"ரெண்டு பேரும் எப்ப உக்கார?" என்று கேட்டாள் செல்வி.

அவன் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினான்.

மண்ணூர் சாலையில் இருந்த பழைய சாமான் கடையில் நான்கு பேலட் எடுத்தார்கள். கடைக்காரர் ஒன்றுக்கு நூற்றைம்பது கேட்டு, செல்வியின் முகத்தைப் பார்த்து நூற்றிருபதுக்கு இறங்கினார். படிக்கட்டு குறுகலாக இருந்ததால் தெருவிலேயே பிரித்துப் பலகை பலகையாக மேலே கொண்டு போனார்கள். அந்த ஒரு நாள்தான் இருவரும் சேர்ந்து வேலை செய்தது. பிறகு ஞாயிறுகளிலும் ஓவர்டைம் வந்துவிட, எல்லாம் ஷிப்ட் முறைதான். சாயங்காலம் நான்கு மணிக்கு எழுந்து செல்வி பலகையிலிருந்து ஆணிகளைப் பிடுங்குவாள். கோணிய ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவாள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். காலையில் மாரிராஜ் அதை எடுத்து அறுத்து இணைப்பான். அவள் தேய்த்து வைத்த பலகையை அவன் தடவிப் பார்ப்பதையோ, அவன் அடித்த ஆணிகளின் நேர்வரிசையை அவள் எண்ணிப் பார்ப்பதையோ மற்றவர் அறிய வழியில்லை.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை சோபா எழுந்து நின்றது. டேங்கின் நிழல் விழும் மூலையிலேயே அதை இணைத்து முடித்துவிட்டு மாரிராஜ் வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலம் செல்வி கதவைத் திறந்து பார்த்தாள். நான்கடி நீளம், அகலமான கை வைக்கும் பலகை, ஒரு அடி உயரக் கால்கள். போய் உட்கார்ந்தாள்.

சோபா டொக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

பாவம், தூக்கக் கலக்கத்தில் அளவு தப்பியிருக்கும் என்று நினைத்தாள். ஆசையாகச் செய்திருக்கிறான், இதைப் போய்ச் சொல்லிக் காட்டுவானேன்? சோபாவை மெல்லச் சாய்த்து, நீளமாகத் தெரிந்த காலை ஒரு அங்குலம் அறுத்தாள். நிமிர்த்தினாள். ஆடவில்லை. மனசுக்குள் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது மறுபடி ஆடியது. தரையில் புது மரத்தூள் கிடந்தது.

செல்வி தூளைப் பெருக்கிவிட்டு மறுபடி ஒரு காலை அறுத்தாள். புதன்கிழமையும் அதே கதை. வியாழக்கிழமையும் அதே. ஒவ்வொரு நாளும் அவள் ஆடாமல் நிறுத்திவிட்டுப் போகிறாள். மறுநாள் யாரோ கலைத்தது போல ஆடுகிறது. நான் செய்த வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லாமல் மாற்றுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்க வேண்டுமென்றால் எழுப்ப வேண்டும். போனில் கேட்கலாம்தான். ஆனால் அவன் வேலையில் இருக்கும்போது போன் லாக்கரில் இருக்கும். அவன் எடுத்துப் பதில் போடும் நேரத்தில் அவள் போன் லாக்கருக்குப் போயிருக்கும்.

அந்த வாரம் அவள் பையில் ஒரு படிவம் கிடந்தது. நைட் ஷிப்டை ஒரு வருடத்துக்கு எழுதிக் கொடுக்கும் பெண்களுக்குக் கம்பெனி ஹாஸ்டலில் இலவசமாகப் படுக்கை. சனிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம் என்று அலைவதற்குப் பதிலாக நிம்மதியாகத் தூங்கலாம்.

"இன்னாடி யோசிச்சிகினே கீற?" என்று அவள் வேலையை மேற்பார்க்கும் லைன் லீடர் பிரவீனா வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு இடைவேளையில் கேட்டாள். "வூட்டுக்காரர் மூஞ்சியயாச்சும் பாக்கறியா? ரெண்டு பேரும் தூங்கறதுக்கு எதுக்குடி ஒரு ரூம் வாடக?"

செல்வி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிரவீனா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் விஷயத்தை மாரிராஜுக்கு ஐந்து நாளைக்கு முன்பே குரல் செய்தியில் சொல்லியிருந்தாள். 'உனக்கு எது சரின்னு தோணுதோ செய்' என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. அந்த வரியை அவள் பல தடவை படித்தாள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோன குரலாகக் கேட்டது.

பஸ்ஸில் வரும்போதே படிவத்தை நிரப்பிவிட்டாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

சனிக்கிழமை காலை படியேறி வந்தபோதே வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது. பையைக் கீழே வைக்காமலே நேராகப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள். முந்தின நாள் சாயங்காலம்கூட அவள் ஒரு காலை அறுத்து ஆடாமல் நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தாள். டொக். சாய்ந்தது. ராத்திரி வந்த மனுஷன் படுப்பதற்கு முன்னாலேயே அறுத்திருக்கிறான். சோபாவும் எவ்வளவு தாழ்ந்துவிட்டது! முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

ரம்பம் டேங்குக்கு மேல் இருந்தது. அவள் அதை எடுத்தாள். கை வலித்தது. இரவெல்லாம் சின்னச் சின்ன உதிரிகளைப் பொருத்தி விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. இன்னொரு கால் அறுக்க அவளிடம் தெம்பில்லை.

ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு அறைக்குள் போனாள். மாரிராஜ் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். குனிந்து அவன் காதிலிருந்து இயர் பிளக்கைப் பிடுங்கினாள்.

"எந்திங்க."

அவன் அரண்டு எழுந்தான். "என்னாச்சு? ஊர்ல யாருக்கும்...?"

"ஊர்ல ஒண்ணும் இல்ல. வெளிய வாங்க."

லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு அவன் கண் கூச வெளியே வந்தான்.

"இந்தக் காலை யார் வெட்டுனா?"

"நாந்தாம்."

"நான் நேரா நிப்பாட்டிட்டுப் போறதை ஏன் தெனமும் கெடுக்கிய?"

"நீ நேரா நிப்பாட்டுனியா? டேப் வச்சுப் பாரு, ஒவ்வொரு நாளும் ஒரு கால் ஒரு அங்குலம் கம்மியா இருக்கு. மத்த மூணையும் அதுக்குச் சமமா வெட்டி வைக்கேன். நாலும் ஒரே அளவு. வேணும்னா இப்ப அளந்து காட்டவா?"

மாரிராஜுக்குக் கம்பெனியில் பாகங்களை அளந்து பார்த்துத் தேர்வு செய்யும் வேலை. டேப் சொன்னால் அவனுக்கு அதுதான் வேதம். செல்வி உதிரிகளைப் பொருத்துகிறவள். சரியாக உட்காருகிறதா என்று கையால் அழுத்திப் பார்ப்பாள். அதற்கு மேல் எந்த அளவையும் அவள் நம்பியதில்லை.

"நாலும் ஒரே அளவுன்னா ஏன் ஆடுது?"

"அதாம் எனக்கும் தெரியல."

இருவரும் சோபாவைப் பார்த்தார்கள். ஒரு அடியாக இருந்த கால்கள் ஏழு அங்குலமாகத் தேய்ந்திருந்தன.

"நீங்க அளந்துதான் வெட்டுறியன்னு தெரிஞ்சா நான் விட்டிருப்பேன்லா," என்றாள் செல்வி.

"நீ வெட்டுறன்னு எனக்குப் புதன்கிழமையே தெரியும்."

"பின்ன ஏன் கேக்கல?"

அவன் டேங்குக்கு மேல் கிடந்த டேப்பை எடுத்து இழுத்து இழுத்து விட்டான். "கேட்டா பேச்சு வளரும். பேச்சு வளந்தா நீ ஹாஸ்டலுக்குப் போறேன்னு சொல்லிருவ. நீ அதைச் சொல்லிரக்கூடாதுன்னுதாம் நானும் வாயத் தெறக்காம வெட்டிக்கிட்டே கெடந்தேன்."

"உனக்கு எது சரின்னு தோணுதோ செய்னு அனுப்புனது யாரு?"

"போகாதன்னு எப்படிச் சொல்ல? நைட்டு முடிஞ்சு வந்து நீ வாளில உக்காந்து தூங்கி விழுறத பாத்தேன்லா. அங்க ஃபேன் இருக்கு, கட்டில் இருக்கு. இங்க என்ன இருக்கு? ஆடுற சோபாதாம் இருக்கு."

செல்விக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. களைப்பு மட்டும் மிச்சமிருந்தது. "பிடிங்க," என்றாள். "இந்த வெயில்ல நின்னு பேச முடியாது. நிழலுக்குத் தள்ளுவோம்."

காலை வெயில் டேங்குக்கு அந்தப் பக்கம் ஏறியிருந்தது. நிழல் அறைவாசலில்தான் விழுந்தது. பேலட் மரம் நல்ல கனம். இந்த ஐந்து நாளில் இருவரும் தனித்தனியாக அதைச் சாய்த்திருக்கிறார்கள், தூக்கியதில்லை. ஒருவரால் தூக்க முடியாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்க, அறைவாசலுக்குக் கொண்டு வந்து வைத்தார்கள்.

செல்வி ஓரத்தில் உட்கார்ந்தாள். மாரிராஜ் மற்ற ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் முன்னும் பின்னும் அசைந்து பார்த்தாள். அவனும் அசைந்து பார்த்தான்.

சோபா அசையவில்லை.

மாரிராஜ் எழுந்து பழைய மூலைக்குப் போய்க் குத்தவைத்தான். மழைத் தண்ணீர் வெளியேறுவதற்கான ஓட்டை அங்கேதான் இருந்தது. தண்ணீர் தேங்காமல் ஓட, கொத்தனார் அந்த மூலையை மட்டும் ஒரு அங்குலம் பள்ளமாக விட்டிருந்தார். சோபாவின் ஒரு கால் அந்தப் பள்ளத்தில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

"தரையை நான் அளக்கவே இல்ல," என்றான் மெதுவாக, திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து.

"அஞ்சு நாளு," என்றாள் செல்வி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. "ஒருத்தரும் ஒரு தடவ கூப்பிட்டு இந்தப் பக்கம் பிடின்னு சொல்லல."

ஈரத்துணி வாளியோடு கீழ்வீட்டுச் சூசையம்மாள் மேலே வந்தாள். இருவரும் ஒன்றாக விழித்திருப்பதைப் பார்த்து வாளியைப் படியிலேயே வைத்துவிட்டாள்.

"இன்னாமா, ரெண்டு பேரும் ஒரே டைம்ல முழிச்சிகினு கீறீங்க? வேலைய வுட்டு நின்னுட்டீங்களா?"

"இல்லம்மா. சோபா முடிஞ்சிருச்சு," என்றான் மாரிராஜ்.

"இதுவா சோபா? மணைக்கட்டை மாரி கீது. எனுக்கு முட்டி வலி, நான் உக்காந்தா அப்புறம் கிரேன் வெச்சித்தான் தூக்கணும்." கொடியில் துணியைப் போட்டுக்கொண்டே, "ஆனா நல்லாத்தான் இழைச்சிக்கீறீங்க," என்று சேர்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

செல்வி பையிலிருந்து போனை எடுத்தாள். மாரிராஜ் அவள் கையையே பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. பழக்கம் போகவில்லை.

"கேளுங்க," என்றாள் அவள்.

"என்னத்த?"

"கேக்கணும்னு நெனைக்கறத."

அவன் சோபாப் பலகையைக் கையால் தேய்த்தான். "போகாதட்டி," என்றான். "எனக்கு முடியல."

"அது கேள்வி இல்ல."

"எனக்கு அவ்வளவுதாம் வருது."

அவள் பிரவீனாவை அழைத்தாள். பிரவீனா அப்போதுதான் படுத்திருப்பாள்போல, குரல் கட்டியிருந்தது.

"அக்கா, நான் ஹாஸ்டலுக்குப் பேர் தரல. வருஷத்துக்கு நைட்டும் வேண்டாம். முன்னாடி மாதிரி மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்க."

"நல்லா யோசிச்சிக்க. பெட்டு வேற ஆளுக்குப் போயிடும். ஷிப்ட்டு மாத்த ரெண்டு மாசம் ஆவும், தெரியும்ல?"

"தெரியும்க்கா. போட்டும்."

"அவருக்குப் பிடிக்கலியா?"

"எனக்குத்தான் பிடிக்கல."

போனை வைத்தாள். மாரிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தான். இன்னும் இரண்டு மாதம் இப்படியேதான் ஓட வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்தது. பஸ்ஸும் அதே நேரம்தான், தகரமும் அதே சூடுதான்.

"இனி நான் வந்ததும் உங்களை எழுப்புவேன்," என்றாள் செல்வி. "கால் மணி நேரம். அதுக்கப்புறம் எவ்வளவு வேணும்னாலும் தூங்குங்க."

"தெனமுமா?"

"தெனமும்."

"ஞாயித்துக்கிழமையாவது விடேன்."

"ஞாயித்துக்கிழமை நீங்க என்னை எழுப்புங்க."

அவன் கொட்டாவி விட்டபடி தலையை ஆட்டினான். இருவருக்கும் எழுந்து உள்ளே போக வேண்டும். ஆனால் சோபா தாழ்வாக இருந்ததால் சட்டென்று எழ முடியவில்லை. முதலில் மாரிராஜ் கையை ஊன்றி எழுந்தான். பிறகு திரும்பி அவளுக்குக் கை கொடுத்தான்.