நின்ற இடத்திலேயே நில்லுங்கள்

ஒரு கையில் விலங்கு, மறு கையில் கட்டுத்துணி. காட்டுப் பூங்காவில் ரேஞ்சர் வேலை என்றால் அதுதான். காலையில் அபராதம் போட்ட ஆளையே மதியம் முதுகில் சுமந்து இறக்க வேண்டிவரும். கால் சரியானதும் அந்த மகராசன் திரும்பி வந்து அதே இடத்தில் அடுப்பு மூட்டுவான்.

நான் சொல்ல வந்த ரேஞ்சர் ஒரு பெண். வாய் கொஞ்சம் துடுக்கு, மனசு இளகல். அவளுக்கு ஜீப் ஓட்டுகிறவர் காதோரம் நரைத்த மனிதர். அவருக்கு அவள் நாலு பேர் முன்னால் "மேடம்", தனியாக இருக்கும்போது "ஏம்மா". அவளுக்கு அவர் எப்போதும் "அண்ணே"தான். ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டுப் பழகியவர்கள்.

அன்று காலை, குரங்குக்கு பிஸ்கட் போட்ட ஒருவரை நிறுத்தி ரசீது கிழித்தாள்.

"தின்னது குரங்கு, பைன் எனக்கா?" என்றார் அவர்.

"குரங்குகிட்ட பர்ஸ் இல்லையே சார்" என்றார் டிரைவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவள் சிரித்தாள். ஆனால் அவள் நெஞ்சு அங்கே இல்லை. அது மேலே, ஓடைப் பள்ளத்தில் கிடந்தது.

அந்த வாரத் தொடக்கத்தில் பள்ளத்தில் ஒரு பொறியைப் பார்த்திருந்தாள். சருகுக்கு அடியில் வாயைப் பிளந்து வைத்த இரும்புப் பொறி. இரண்டு தாடை, பல் பல்லாக. மான் காலை வைத்தால் எலும்போடு போகும். கண்ணில் பட்ட உடனே கம்பால் தட்டி மூடி, சங்கிலியோடு பிடுங்கி எடுத்துவர வேண்டும் என்பது சட்டம். அவள் எடுக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அதுவரை எத்தனையோ பொறிகளை எடுத்தாயிற்று. வைத்தவன் ஒருத்தன்கூடச் சிக்கவில்லை. எங்கே பதுங்கி உட்கார்ந்தாலும் அன்றைக்குப் பார்த்து எவனும் வரமாட்டான். உள்ளேயிருந்து யாரோ ஊதிவிடுகிறார்கள் என்று அவளுக்கு உறுத்தல். ஆகவே இந்த முறை தன் மேல் ஆபீசருக்கே சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற டிரைவரிடம் மட்டும், "அப்படியே கெடக்கட்டும்ணே. வச்சவன் பாக்க வருவான்ல? கையும் களவுமா பிடிப்போம்" என்றாள்.

அவர் ஜீப் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "உன் இஷ்டம்மா" என்றார்.

அந்தப் பள்ளத்தில் மனுஷ நடமாட்டம் கிடையாது. அந்த ஒரு தைரியத்தில்தான் அவள் தூங்கினாள்.

மதியச் சாப்பாடு முடிவதற்குள் மலையிலிருந்து மூடுபனி இறங்கிவிட்டது. அப்போது ஒரு பெண் செருப்பு பிய்ந்துபோக ஓடிவந்தாள்.

"அப்பாவைக் காணோம் மேடம். பாத்ரூம் வாசல்ல உக்கார வச்சுட்டுப் போனேன். திரும்பி வந்தா ஆள் இல்ல."

"பதறாதீங்க. எப்படி இருப்பாரு?"

"நீலச் சட்டை. பஸ் கண்டக்டரா இருந்தவரு. இப்ப மறதி நோய். சில நாள் என்கிட்டயே டிக்கெட் கேப்பாரு."

"பேர் சொல்லிக் கூப்பிட்டா நிப்பாரா?"

"நிக்கமாட்டாரு. யாரோ பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தறாங்கன்னு நினைச்சு, குரல் வந்த பக்கமே நடப்பாரு."

கேன்டீன்காரர், தோட்ட வேலைக்காரர்கள், கூடாரம் போட்டிருந்த பிள்ளைகள் என்று கிடைத்தவர்களை எல்லாம் கூட்டி, கைக்குக் கை எட்டும் தூரத்தில் வரிசையாக நிறுத்தினாள். வரிசைக்கு ஒரு வாக்கி-டாக்கி. ஜீப்பைப் பாதை வளைவில் போட்டுக்கொண்டு டிரைவர் அங்கேயே வயர்லெஸ்ஸோடு இருப்பதாக ஏற்பாடு.

வரிசைகள் மரங்களுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில், பாதையோரச் சேற்றில் ஒரு ரப்பர் செருப்பைப் பார்த்தாள். அதன் மூக்கு ஓடைப் பள்ளத்தைப் பார்த்துக் கிடந்தது.

பொறி கிடப்பதை அந்த இடத்திலேயே வாக்கி-டாக்கியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆபீசர் காதுக்குப் போகும், வேலை போகும். அதனால் நாக்கு வேறு ஒன்றைச் சொன்னது: "பள்ளத்துப் பக்கம் யாரும் வரவேணாம். அதை நான் பாத்துக்கறேன்."

போய்ப் பொறியைத் தட்டி மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்துக்கொண்டு ஓடினாள். பள்ளத்தில் பனி பால்போலத் தேங்கி நின்றது. அடையாளம் வைத்த சாய்ந்த மரம் இருந்தது. கம்பை ஓங்கிக்கொண்டு சருகை விலக்கினாள்.

பொறி இல்லை.

சங்கிலி அடித்திருந்த இடத்தில் ஈரக் குழி மட்டும். ரத்தமில்லை, ரோமமில்லை. யாரோ நிதானமாகப் பிடுங்கி எடுத்து, சருகைத் திரும்பப் பரப்பிவிட்டிருந்தார்கள். கொண்டுபோய்விட்டார்களா, தள்ளி வைத்திருக்கிறார்களா? தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தாள். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சருகு.

அப்போது முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க."

பனிக்குள் நீலச் சட்டை தெரிந்தது. ஒரு காலில் செருப்பில்லாமல், மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, நெரிசலில் நடப்பது போல் அவர் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தார்.

"ஐயா, அங்கயே நில்லுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. "வர்றேன், வர்றேன்" என்று அவளை நோக்கி நடக்கத் தொடங்கினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடிப் போய்ப் பிடிக்கலாம் என்றால் எந்தச் சருகை நம்புவது?

இந்தப் பொறி இருந்த இடம் உலகத்தில் வைத்தவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். இன்னும் ஒருவருக்குத் தெரியும். பதுங்கியிருந்த ஒவ்வொரு நாளும் அவளை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டவர் அவர்.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கிற சேனல் அது.

"எல்லா வரிசையும் நின்ன இடத்துலயே நில்லுங்க. காலை எடுக்காதீங்க. பள்ளத்துல ஒரு பொறி தெறந்து கெடக்கு. பாத்தும் எடுக்காம விட்டது நான்தான். இப்ப அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அண்ணே. உங்களைத்தான் கேக்கறேன். எங்க வச்சீங்க?"

கரகரவென்ற இரைச்சல். ஆபீசர் குரல், "யாரு? என்ன பேசறீங்க?" என்றது. நீலச் சட்டை இன்னும் ஒரு மரத்தைத் தாண்டியது.

"அண்ணே, பெரியவர் வெறுங்காலோட வர்றாருண்ணே."

பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்டது, விட்டுப்போனது. மறுபடி அமுங்கியது.

"அவருக்கு முன்னால வெள்ளைப் பாறை இருக்கா?"

"இருக்கு."

"அதுக்கு இந்தப் பக்கம். உன் பக்கம். நீ ஓடைத் தண்ணியில எறங்கிப் போம்மா. தண்ணியில ஒண்ணும் இல்ல. சீக்கிரம் போ."

முழங்கால் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடினாள். பெரியவர் பாறையில் கையூன்றிக் காலைத் தூக்கியபோது, பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டி இழுத்தாள். இருவரும் ஓடையில் உட்கார்ந்தார்கள். அவள் எட்டிக் கம்பை நீட்டிச் சருகைத் தட்டினாள். இரும்பு வாய் மூடிய சத்தத்தில் பறவைகள் எழும்பிப் போயின. கம்பு இரண்டாக முறிந்து கிடந்தது.

"பிரேக் ரொம்பச் சத்தம் போடுது" என்றார் கண்டக்டர்.

வளைவுக்கு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தபோது ஜீப் அங்கேயே நின்றது. டிரைவர் போய்விடவில்லை. பெரியவருக்குக் கம்பளி போர்த்தி, பின் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எப்போலேருந்துண்ணே?"

"நீ இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்தே."

அவள் இடுப்பிலிருந்த விலங்கைத் தொட்டாள். பிறகு, காட்டுக்குள் குளிரில் நிற்கிற ஜனங்கள் நினைவு வந்தது. இருட்டப்போகிறது. எல்லோரும் இறங்கி வரலாம் என்று சொல்ல வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

அவர் கை நீண்டு வந்து அதை மூடியது.

"வேணாம்மா. நின்ன இடத்துலயே நிக்கச் சொல்லு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், யார் யார் எந்த வரிசையில் போனார்கள் என்று ஞாபகப்படுத்துகிறவர்போல.

"டார்ச்சை எடுத்துக்க" என்றார். "நான் முன்னால நடக்கறேன். நான் கால் வச்ச எடத்துலயே நீயும் கால் வச்சு வா."