அடுத்த வரிக்குப் போக வேண்டிய வாள்

செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளவத்தையில் அம்மாவின் ஃபிளாட்டில் பாணைப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருந்தபோது, தான் இறந்துவிட்ட செய்தி அருந்ததிக்குக் கிடைத்தது.

அது அவளுடைய சொந்த மின்னஞ்சல் முகவரிக்கே வந்தது. 'அன்னாரின் குடும்பத்தினருக்கு' என்று மிக மரியாதையாகத் தொடங்கியது. ஐரோப்பாவில் ஒரு மலையடிவாரத்தில், பூமிக்குக் கீழே பெரிய வளையமாகச் சுரங்கம் தோண்டி, அதற்குள் அணுத்துகள்களை ஓடவிட்டு மோதிப் பார்க்கிற ஆய்வுகூடத்தில்தான் அவளுக்கு வேலை; இப்போது விடுமுறையில் வந்திருந்தாள். இத்தனை வருடத்தில் மேலதிகாரிகள் வாய் திறந்து சொல்லாத நல்ல வார்த்தைகளெல்லாம் அந்த ஒரு பந்திக்குள் இருந்தன. பொறுப்பானவள். கூர்மையானவள். யார் கூப்பிட்டாலும் உதவிக்கு வருகிறவள். இதை உயிரோடு இருக்கும்போதே எழுதித் தந்திருந்தால் என்றைக்கோ நிரந்தர வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் பந்தியை மறுபடியும் வாசித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"என்ன பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?" என்றாள் அம்மா சுபோதினி, குசினி வாசலில் நின்று.

"அறையேல்லை அம்மா. இப்ப நான்தான் பேய்."

அம்மாவுக்கு விளங்கவைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி சரியான கேள்வி. "அப்ப வியாழக்கிழமை இன்ரவியூ?"

அருந்ததியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக ஓட்டி, கடைசியில் ஒரு நிரந்தர இடத்துக்கான நேர்முகத் தேர்வு இந்த வியாழன் வீடியோவில் நடக்கவிருந்தது. இப்போது அவளுடைய கணக்கு பூட்டப்பட்டிருந்தது. விண்ணப்பத்தின் நிலை, 'விண்ணப்பதாரி காலமானதால் முடிக்கப்பட்டது'.

"செத்தவைக்கு ஆர் வேலை குடுப்பினம்? உடன ஃபோன் எடுத்துச் சொல்லு, உயிரோடதான் இருக்கிறன் எண்டு," என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "உந்தக் கதை வெளியில போனா இனி ஒரு சம்பந்தமும் வராது."

"உயிரோட இருந்த காலத்தில மட்டும் வரிசையில நிண்டவையோ?"

கடற்கரை ரயில் போனது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அருந்ததி ஃபோனைக் கையில் எடுத்தாள். ஆனால் அழைக்கவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வது சுலபம். சொன்னவுடன் மறுமுனையில் அடுத்த கேள்வி வரும்: அப்படியென்றால் செத்தது யார்?

அந்தப் பதிலைத்தான் அவள் எட்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அந்த ஆய்வுகூடத்தில் ஒரு வழக்கம். ஒரு கட்டுரை வெளிவந்தால் அதை எழுதியவர் பெயர் மட்டும் அதில் இருக்காது. கருவி கட்டியவர், கேபிள் இழுத்தவர், கண் விழித்துக் காவல் இருந்தவர் என்று மூவாயிரத்துச் சொச்சம் பேரும் ஆங்கில அகரவரிசையில், தகப்பன் பெயர் முன்னால் வர, பக்கம் பக்கமாக நிற்பார்கள். பெரிய விஞ்ஞானி, சின்ன விஞ்ஞானி என்ற பேதம் கிடையாது. இறந்தவர்களும் நிற்பார்கள். அவர்களுடைய பெயரின் தோளில் மட்டும் ஒரு குட்டி வாள் அடையாளம் இருக்கும். கீழே பொடி எழுத்தில், 'காலமானார்'.

அந்த வரிசையில் தனஞ்சயன் அருந்ததிக்கு அடுத்த வரி தங்கையா கஜேந்திரன். அவளுடைய அப்பா தனஞ்சயன், நல்லூரிலிருந்து வந்து கொள்ளுப்பிட்டியில் கணக்காளராக இருந்தவர். கல்யாண வீட்டில்கூடத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தங்கையாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்திருக்கமாட்டார். அகரவரிசை அவரைக் கேட்காமலே இருத்திவிட்டது. பிள்ளைகள் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "எங்கப்பா உங்கப்பாவ இடிச்சிக்கிட்டு நிக்கிறாரு, மன்னிச்சுக்க," என்பான் கஜேந்திரன், ஒவ்வொரு கட்டுரைக்கும்.

கொட்டாஞ்சேனைப் பையன். அவளும் அவனும் ஒரே குழு. கட்டுப்பாட்டு அறையில் திரையில் ஏதாவது துள்ளினால் அவள் பதறுவாள். அவன் தேநீரை ஊதிக்கொண்டே, "பயப்படாத, வெறும் சத்தம்," என்பான். பெரும்பாலும் அது வெறும் சத்தமாகத்தான் இருந்தது. சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் வேலை முடிந்து போய்ப் படுத்தவன் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். உடல் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்து கொட்டாஞ்சேனைக்குப் போனபோது அருந்ததி வரவில்லை. அவனுக்கு மிச்சமிருந்த காவல் முறைகளை அவள்தான் இருந்து முடித்தாள். யாராவது இருக்கத்தானே வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

குழுவில் யார் சேர்ந்தார், யார் போனார், யார் இறந்தார் என்று கணினியில் பதிவதும் அவளுடைய பொறுப்பு. கஜேந்திரனை மட்டும் அவள் பதியவில்லை. காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவன் ஆரம்பித்து வைத்த ஒரு கணினி நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் புதிய தரவுகளை எடுத்துச் சலித்து, முடிந்ததும் அவன் பெயரில் அருந்ததிக்கு ஒரு மின்னஞ்சல் போடும். 'வேலை முடிந்தது. பிழை இல்லை.' அவளுடைய சொந்த முகவரிக்குத்தான் வரும். பகிடிக்காக அவன் அப்படிச் செய்து வைத்திருந்தான். அவனைப் பதிந்தால் அவன் கணக்கை மூடுவார்கள். அஞ்சல் நின்றுவிடும். பேய், பிசாசு, சாத்திரம் எதையும் நம்பாத ஒருத்தி, ஒவ்வொரு நாளும் செத்தவனுடைய அஞ்சலுக்காகக் காத்திருந்தாள்.

போன மாதம், இனியும் தள்ளமுடியாது என்று அவள் உட்கார்ந்தாள். வரிசையைத் திறந்தாள். கண் கலங்கியது. கண்ணைத் துடைக்காமலே 'காலமானார்' என்ற பெட்டியை அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கணினியை மூடினாள். அதற்குப் பிறகும் அஞ்சல் நிற்காதபோது, கணக்கை மூட நாளெடுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். இன்றைக்குத்தான் விளங்கியது, ஒரு வரி மேலே அழுத்தியிருக்கிறாள். தன்னையே குத்திக்கொண்டாள். துகள் ஒன்று மயிரிழை விலகினால் கண்டுபிடிக்கப் படித்தவள்.

கட்டுரையும் வந்துவிட்டது. அதில் அவள் செத்திருந்தாள், அவன் உயிரோடு இருந்தான்.

"ஃபோன் எடுத்தியோ?" என்றாள் அம்மா.

"முதல்ல கொட்டாஞ்சேனைக்குப் போட்டு வாறன். அவன்ர அம்மாட்டக் கேக்காமச் செய்யேலாது."

ஓட்டோ காலி வீதியில் நெரிந்து, மருதானையில் நின்று நின்று, கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. துறைமுகத்தில் கப்பலொன்று அடித்தொண்டையில் கத்தியது. வீடு மாடியில். கீழே அஷ்பாக் நானாவின் போட்டோகொப்பிக் கடை பூட்டியிருந்தது. பக்கத்தால் ஒடுங்கிய படி. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கஜேந்திரனும் அவளும் இந்தப் படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். மேலே நின்று அவன் அம்மா, "ரெண்டு பேரும் பாத்துப் போங்க," என்பார்.

அருந்ததி தட்டினாள்.

பாக்கியலெட்சுமி கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். அருந்ததியைப் பார்த்ததும் அலறவில்லை, பின்வாங்கவில்லை. நெடுநேரம் காத்திருந்தவர் பஸ் வந்ததும் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நீயும் வந்துட்டியா, புள்ள?" என்றார் மெதுவாக. பிறகு கழுத்தை நீட்டி, அவளுடைய தோளுக்கு மேலால், இருண்ட படியை எட்டிப் பார்த்தார். "அவன் எங்க?"

அருந்ததியும் திரும்பிப் பார்த்தாள். படியில் ஒருவரும் இல்லை. இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள ஒருமுறை பார்த்தது போதவில்லை.

"அன்ரி... நான் சாகேல்லை."

"அஷ்பாக் தம்பி நேத்துத்தான் காட்டுச்சு. ஒம் பேருக்குக் கத்தி போட்டிருக்கே."

"பிழையாப் போட்டது. நான்தான் பிழையாப் போட்டன்."

பாக்கியலெட்சுமி கையை நீட்டி அவளுடைய புஜத்தில் கிள்ளினார். ஒப்புக்குக் கிள்ளவில்லை, அருந்ததி துள்ளினாள்.

"சூடா இருக்க," என்றார். குரலில் சந்தோஷமும் இருந்தது, ஏமாற்றமும் இருந்தது. "உள்ள வா. நின்னுக்கிட்டே இருக்கியே."

சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் கஜேந்திரன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே, அஷ்பாக் அச்செடுத்துக் கொடுத்த கட்டுரைப் பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரிக்கு மஞ்சள் பூசியிருந்தது.

"கத்தி போட்டிருந்தா செத்தவங்கன்னு அவன்தான் சொல்லித் தந்தான்," என்றார் பாக்கியலெட்சுமி, தேநீர்க் கோப்பையை நீட்டியபடி. "ஒவ்வொரு தடவையும் தம்பிகிட்ட மொதல்ல அதைத்தான் கேப்பேன். எம் புள்ளைக்குக் கத்தி போட்டுட்டாங்களான்னு. இல்லம்மாங்கும். நான் என்ன பைத்தியமா? நானேதானே குளிப்பாட்டி அனுப்பினேன். ஆனா அங்க அந்தக் கூட்டத்துல அவன் இன்னும் நிக்கிறான்னு ஒரு நெனப்பு."

அருந்ததி தேநீரைக் குடிக்கவில்லை. சொல்லவேண்டியதை ஓட்டோவில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். எதிலிருந்து தொடங்குவது என்று சுவரிலிருந்த பக்கங்களைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மேசையில் இருந்த அவளுடைய ஃபோன் கிணுங்கியது.

பாக்கியலெட்சுமிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மஞ்சள் பூசிப் பூசி ஒரு பெயரின் உருவம் மட்டும் மனப்பாடம். குனிந்து திரையைப் பார்த்தார். பெயரை விரலால் காட்டினார்.

"இது அவன் பேரு."

"ஓம் அன்ரி."

"அவனா அனுப்புறான்?"

"அவன் ஓடவிட்ட வேலை. அது தானா ஓடுது. முடிஞ்சதும் அவன்ர பேரில எனக்கு வரும். ஒவ்வொரு நாளும் வரும்."

"ஒவ்வொரு நாளுமா?"

"அவன் போனதை நான் இன்னும் அங்க பதியேல்லை. பதிஞ்சா இது நிண்டிடும். அதால..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆறுதல் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள்.

"ஏன் புள்ள," என்றார் பாக்கியலெட்சுமி. குரல் நடுங்கியது; கோபத்தில். "தூங்கப் போன புள்ளைய இத்தன மாசமா வேல வாங்கிக்கிட்டா இருக்கீங்க? லீவு நாளுமில்லாம? தோட்டத்துல தொரைமாருங்ககூட செத்தவனுக்கு வேலைக்குப் பேரு போட்டதில்ல!"

அருந்ததி கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். இந்தக் கோணத்தில் அவள் யோசிக்கவேயில்லை.

"அந்தக் கத்திய எடுத்து எம் புள்ளைக்குப் போடு. போட்டுட்டு அவன வுடு." சற்று நிறுத்தி, சின்னக் குரலில், "போட்டா பேரை எடுத்துருவாங்களா?"

"எடுக்கமாட்டினம் அன்ரி. அவன் இருக்கேக்க எடுத்த தரவு முடியுமட்டும், அதில வாற எல்லாக் கட்டுரையிலயும் இருப்பான். கனகாலம் இருப்பான்."

"அப்ப போடு. நா பாக்கப் போடு."

போடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. இறந்தவர்கள் கணக்கைத் திறக்க முடியாது. வீடியோவில் ஆய்வுகூடத்துச் செயலகத்தை அழைத்தாள். அங்கே காலை நேரம். எடுத்த பெண்மணி அருந்ததியின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த காப்பியைத் தன் மேசையில் கொட்டினாள். துடைத்து முடித்த பிறகு விதிமுறை ஞாபகம் வந்துவிட்டது. மன்னிக்கவேண்டும், உங்கள் அடையாள அட்டையை ஏற்கமுடியாது, அது காலமானவருடைய அட்டை. நீங்கள்தான் நீங்கள், உயிரோடு இருக்கிறீர்கள் என்று சொல்ல அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?

அருந்ததி ஃபோனைத் திருப்பினாள். "அன்ரி, நான் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லட்டாம்."

பாக்கியலெட்சுமி முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரைக்கு மிக அருகில் வந்தார். "இருக்கு, இருக்கு. கிள்ளிப் பாத்துட்டேன். நல்லாத் துள்ளுச்சு."

தன் உயிருக்கான சாட்சியத்தைத் தானே மொழிபெயர்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அருந்ததி துள்ளியது உட்பட எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள். செயலகப் பெண்மணி எழுதிக்கொண்டாள். பிறகு, தலையை நிமிர்த்தாமலே, அந்தக் கேள்வியைக் கேட்டாள். அப்படியானால் அந்த வாள் யாருக்கு உரியது?

அருந்ததி சுவரில் சிரித்துக்கொண்டிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

பாக்கியலெட்சுமி அவளைப் பார்த்தார். என்ன கேட்டார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சுவரிலிருந்த பக்கத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிட்டபோது சொல்வதுபோல, நிறுத்தித் தெளிவாகச் சொன்னார்.

"தங்கையா, கஜேந்திரன்."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. கஜேந்திரனுடைய பெயரில் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறதே, நிறுத்தலாமா என்றாள் பெண்மணி. நிறுத்துங்கள் என்றாள் அருந்ததி.

ஃபோன் மறுபடியும் கிணுங்கியது. அவன் பெயர்தான்.

"என்னாவாம்?"

வேலை நிறுத்தப்பட்டது என்று இருந்தது. அருந்ததி அதைக் கொஞ்சம் திருத்தி வாசித்தாள்.

"வேலை எல்லாம் முடிஞ்சுதாம் அன்ரி."

பாக்கியலெட்சுமி தலையாட்டினார். போய், ஆறிப்போன தேநீரை மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்தார். அதைக் குடிக்கும்போது இன்னொரு அஞ்சல் வந்தது, இயந்திரம் அனுப்பியது: வாழ்த்துகள், உங்கள் கணக்கு மீண்டும் செயற்படுகிறது, விண்ணப்பம் திறக்கப்பட்டுள்ளது, வியாழக்கிழமை சந்திப்போம்.

புறப்படும்போது அவர் கதவு வரை வந்தார். தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் பாத்துப் போங்க," என்றார்.

பழக்கத்தில் வாய் தவறியதா என்று அருந்ததி கேட்கவில்லை. பின்னால் ஏதோ உரசியதுபோல இருந்தது. வெறும் சத்தம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்த ஒடுங்கிய படியில் அவள் சுவரோடு ஒட்டி, ஒரு பக்கமாகவே இறங்கினாள், பக்கத்தில் இன்னொருவர் இறங்க இடம் விட்டு.